பழைய காருக்குப் பதிலாக எதை வாங்குவது? மட்டக்களப்பில் முதன்முறை கார் மாற்றுவோருக்கு

எங்கள் வீட்டில் பதினெட்டு ஆண்டுகள் ஓடிய காரின் எஞ்சின், கடைசி நாள் வரை முதல் திருப்பிலேயே உயிர் பெற்றது. அந்தக் காரை நாங்கள் கைவிடக் காரணம் துரு. கல்லடியில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் எங்கள் வீடு. ஒரு பக்கம் கடற்காற்று, மறுபக்கம் வாவிக் காற்று. ஒரு நாள் கராஜில் காரை உயர்த்த ஜக் வைத்தபோது, அந்த இடத்துத் தகரம் பொரித்த அப்பளம் போல நொறுங்கி விழுந்தது. அன்றுதான் அடுத்த காரைத் தேடத் தொடங்கினோம். ஏழு மாதங்களில் பதினொரு கார்களைப் போய்ப் பார்த்தோம். அப்போது கற்றுக்கொண்டவற்றை, முதன்முறையாகக் குடும்பக் காரை மாற்றப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கொழும்பிலிருந்து உறவினர் தொலைபேசியில் சொல்லும் ஆலோசனையில் பாதிதான் நமக்குப் பொருந்தும். அங்கே முதலில் காரின் பெயரைக் கேட்பார்கள், பிறகு ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேட்பார்கள். இங்கே முதலில் காரின் உடலைப் பாருங்கள். அடுத்து எஞ்சினும் கியரும். பெயர் கடைசியில் வரட்டும்.

மாற்றத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் போய்விட்டது என்பதற்காக மட்டும் ஒரு நல்ல காரை விற்காதீர்கள். ஜப்பானில் பாவித்துக் கழற்றிய எஞ்சின்கள் இலங்கையில் கிடைக்கின்றன. எஞ்சினை மாற்றினால் புதிய எஞ்சின் இலக்கத்தைப் பதிவுச் சான்றிதழிலும் திருத்த வேண்டும், அவ்வளவுதான். கியர், ஏ.சி., ஷொக் அப்சோபர் எல்லாமே மாற்றக்கூடியவை. ஆனால் காரின் அடித்தளத்தில், சில்லைத் தாங்கும் பகுதிகளில், கதவுக்குக் கீழே ஓடும் நீளப் பெட்டிப் பகுதியில் துரு துளைத்துவிட்டால் நிலைமை வேறு. தகரம் ஒட்டிப் பெயின்ட் அடித்தால் கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் மோதலில் உள்ளே இருப்பவரைக் காக்கும் வலிமை அந்த இடத்துக்குத் திரும்புவதில்லை. பிள்ளைகள் ஏறும் கார் என்றால் அந்த நிலையில் மாற்றிவிடுங்கள்.

ஒரு மாதப் பயணத்தை எழுதிப் பாருங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, முப்பது நாட்களுக்குக் கார் எங்கே போகிறது, எத்தனை பேர் ஏறுகிறார்கள், என்ன ஏற்றுகிறீர்கள் என்று எழுதுங்கள். நாங்கள் எழுதியபோது எங்கள் எண்ணமே மாறிவிட்டது. கொழும்புப் பயணத்துக்காகப் பெரிய கார் வேண்டும் என்று நினைத்திருந்தோம். கணக்கைப் பார்த்தால், கொழும்புக்கு ஆண்டுக்கு மூன்று முறைதான் போகிறோம். மற்ற ஓட்டமெல்லாம் பாடசாலை, ஆஸ்பத்திரி, சந்தை, களுவாஞ்சிகுடியில் பெரியம்மா வீடு, வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயல்.

வயல் உள்ளவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவது எளிதாகிவிட்டது. ஆனால் பிரதான வீதியை விட்டு இறங்கியதும் கிரவல் பாதையும் வாய்க்கால் கட்டும்தான். டொயோட்டா அக்குவா போன்ற ஒரு காருக்கும் தரைக்கும் இடையே ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர்தான் இடைவெளி. ஐந்து பேரும் இரண்டு மூட்டை நெல்லும் ஏறினால் அதுவும் குறையும். பார்க்கப் போகும் காரில் உங்கள் வீட்டு ஆட்களை ஏற்றிவிட்டு, அடியில் அளவுகோலை வைத்து அளந்து பாருங்கள். விற்பவர் வியப்பாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

ஆட்களின் எண்ணிக்கையும் முக்கியம். ஜப்பானிலிருந்து வந்த சுசுகி வேகன் ஆர் போன்ற 660 சி.சி. கார்கள் அந்த நாட்டுச் சட்டப்படி நான்கு பேருக்காகவே செய்யப்பட்டவை. 3.4 மீற்றர் நீளம், 1.48 மீற்றர் அகலம் என்ற எல்லைக்குள் அவை அடங்க வேண்டும். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் போதும். அம்மம்மாவும் கூட இருக்கிறார் என்றால் ஐந்தாவது ஆளுக்கு ஆசனப் பட்டியே இல்லை. ஆனால் அதே வேகன் ஆரில் ஆசனம் உயரமாக இருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம். எங்கள் அம்மம்மா தாழ்ந்த செடான் கார்களில் ஏறும்போது கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு திணறுவார். அவரையும் அழைத்துப் போய், ஒவ்வொரு காரிலும் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். இதை எந்த விளம்பரத்திலும் படிக்க முடியாது.

பணக் கணக்கு

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் ஐந்தாண்டு புதிய வரவு இல்லாததால், இங்கே ஓடிக்கொண்டிருந்த கார்களின் விலை ஏறியது. இன்றும் பத்து வயதுக் காருக்குக் கேட்கும் விலை மலைக்க வைக்கிறது. வரி எஞ்சினின் கொள்ளளவை வைத்துக் கணிக்கப்படுவதால் சிறிய எஞ்சின் கார்களுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. விற்கும்போது அது நன்மை, வாங்கும்போது சுமை.

கையில் உள்ள தொகை முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். பத்தில் ஒரு பங்கைத் தனியே வையுங்கள். உரிமை மாற்றம், காப்புறுதி, நான்கு டயர், பற்றரி, எல்லா எண்ணெய்களும் என்று முதல் மூன்று மாதத்தில் அது கரைந்துவிடும். லீசிங் எடுப்பதாக இருந்தால் மாதத் தவணையை மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். கடைசித் தவணை வரை கட்டும் மொத்தத் தொகையையும், இடையில் முழுக்கக் கட்டி முடித்தால் எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். காரின் விலையில் எத்தனை சதவீதம் வரை லீசிங் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி வரம்பு வைக்கிறது, அந்த வரம்பு மாறுவதும் உண்டு. முற்பணம் எவ்வளவு என்பதை அன்றன்று விசாரித்துத்தான் திட்டமிட வேண்டும்.

எந்த வகை?

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரே காரை நம்பியிருக்கும் குடும்பத்துக்குச் சாதாரணப் பெற்றோல் காரே நல்லது. உங்கள் ஊர்க் கராஜ் பாஸ், அதாவது மெக்கானிக், கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடிய காராக அது இருக்க வேண்டும். இரவு பத்து மணிக்குப் புணானைக் காட்டு வீதியில் நின்றுவிட்டால், கம்பியூட்டர் இல்லாமல் திருத்தக்கூடிய கார்தான் கைகொடுக்கும்.

டொயோட்டா அக்சியோ, அலியன், பிரீமியோ ஆகியவற்றின் 1.5 லீற்றர் பெற்றோல் மாதிரிகளில் பெரும்பாலும் இருப்பது 1என்இசட் எஞ்சின். நாடு முழுவதும் அதற்கு உதிரிப்பாகம் உண்டு. அதில் டைமிங் செயின் இருக்கிறது. 110 கொரோலா காலத்து எஞ்சின்களில் இருந்தது போல, குறித்த தூரத்துக்கு ஒருமுறை மாற்றும் பெல்ட் இல்லை. சிறிய குடும்பத்துக்கு ஒரு லீற்றர் எஞ்சின் கொண்ட டொயோட்டா விட்ஸ் போதும். நான்கு பேருடன் மஹியங்கனை வழியாகப் பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்குப் போகும்போது அதன் மூன்று சிலிண்டர் எஞ்சின் மூச்சு வாங்கும், ஆனால் ஏறிவிடும். நகருக்குள் மட்டும் ஓடுகிறவர்களுக்கு சுசுகி அல்டோவை விடச் சிக்கனமான பராமரிப்பு இல்லை.

இந்தக் கார்களில் பலவற்றில் சி.வி.டி. எனப்படும், படிகள் இல்லாத ஓட்டோ கியர் இருக்கிறது. அதற்கு உரிய எண்ணெய் வேறு, சாதாரண ஓட்டோ கியர் எண்ணெய் வேறு. தவறானதை ஊற்றிய கியர்பெட்டி நீண்ட நாள் தாங்காது. கடைசியாக எப்போது, எந்த எண்ணெய் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

ஹைபிரிட் கார்களை நான் வெறுக்கவில்லை. தினமும் கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடும் ஒருவருக்கு அக்குவா பெற்றோல் செலவை நன்றாகக் குறைக்கும். 2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்ற எவருக்கும் அதன் அருமை தெரியும். ஆனால் அதன் பெரிய பற்றரி பின் ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது. காருக்குள் உள்ள காற்றை இழுத்துத்தான் அது தன்னைக் குளிர்த்துக்கொள்கிறது. கடற்கரை மணலும் நாய் மயிரும் அந்தக் காற்று வழியை அடைத்தால் பற்றரி சூடேறி ஆயுள் குறையும். வாங்குமுன் அந்தக் காற்று வழியின் வடிகட்டி வலையைக் கழற்றிப் பாருங்கள். பற்றரியின் ஒவ்வொரு பகுதியின் மின்னழுத்தமும் ஏறத்தாழச் சமமாக இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பாருங்கள். ஹொண்டா ஃபிட், வெசெல் ஆகியவற்றின் 2013 இல் வெளிவந்த தலைமுறையின் ஹைபிரிட் மாதிரிகளில் இரட்டைக் கிளச் கியர் உண்டு. ஃபிட் வெளிவந்த முதல் ஓராண்டிலேயே ஜப்பானில் அதைப் பலமுறை திரும்ப அழைத்துத் திருத்தினார்கள். அந்தத் திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்று தெரியாமல் வாங்க வேண்டாம்.

மின்சாரக் காரான பழைய நிசான் லீஃப் குறைந்த விலையில் வந்தால் ஒரு நிமிடம் பொறுங்கள். அதன் பற்றரிக்குத் தனிக் குளிரூட்டல் இல்லை. நம் வெயில் அதற்குப் பகை. மீற்றர் பலகையின் ஓரத்தில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் 12 கோடுகளில் எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள். கூரையில் சூரிய மின்கலம் உள்ள வீட்டுக்கு இரண்டாவது காராக அது பொருந்தலாம். ஒரே காராக வைத்துக்கொண்டு 300 கிலோமீற்றருக்கு மேல் உள்ள கொழும்புக்கு, வழியில் சார்ஜ் ஏற்றாமல் போக முடியாது.

பார்க்கப் போகும் நாள்

பகலில் போங்கள். கார் காய்ந்திருக்க வேண்டும், எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், போனட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஆறும் வரை காத்திருங்கள். காலையில் முதல் தொடக்கத்தில் வரும் சத்தமும் புகையும்தான் உண்மையைச் சொல்லும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. சூடான பிறகும் விடாத வெள்ளைப் புகை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தாவதாகப் பார்த்த கார், வெள்ளை நிறம், கண்ணாடி போல மினுங்கியது. உள்ளே புது ஆசன உறை, வாசனைத் திரவியம். எனக்கும் மனைவிக்கும் பிடித்துவிட்டது. முற்பணம் பையில் இருந்தது. கூட வந்த கராஜ் பாஸ் எஞ்சினைத் திறக்கவே இல்லை. பின் ஆசனத்தில் உட்கார்ந்து ஆசனப் பட்டியைப் பிடித்து, அது முடியும் வரை முழுவதுமாக வெளியே இழுத்தார். கடைசி ஒரு முழத்தில், பட்டியின் குறுக்கே மண்ணிறக் கோடு ஒன்று தெரிந்தது. "தம்பி, இந்தக் கோடு வரைக்கும் இந்தக் காரில் வெள்ளம் நின்றிருக்கிறது" என்றார். எழுந்து வந்துவிட்டோம். முற்பணம் காப்பாற்றப்பட்டது அந்த ஒரு இழுப்பில்.

வெள்ளத்தில் நின்ற காரைக் கண்டுபிடிப்பது நமக்கு இன்று எல்லாவற்றையும் விட முக்கியம். மாரியில் நம் மாவட்டங்களில் நீர் ஏறுவது வழமை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலோ நாட்டின் பல மாவட்டங்களை ஒரே நேரத்தில் மூழ்கடித்தது. ஆகவே வெளி மாவட்டத்துக் கார் என்பதால் பயமில்லை என்று நினைக்க முடியாது. ஆசனப் பட்டியுடன் இவற்றையும் பாருங்கள்: மிதியடிக்குக் கீழே உள்ள கம்பளத்தைத் தூக்கி அடியில் கை வைத்து ஈரமோ வண்டலோ இருக்கிறதா என்று தடவுங்கள். ஆசனங்கள் நகரும் இரும்புத் தண்டவாளத்தில் துரு இருக்கக் கூடாது. டிக்கியில் மாற்றுச் சில்லு கிடக்கும் குழியைத் திறந்து பாருங்கள். முன் லாம்புக்குள் நீராவிப் படலம் இருக்கிறதா? கண்ணாடிகளை ஏற்றிப் பத்து நிமிடம் வெயிலில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வெள்ளத்தின் வாடையை வாசனைத் திரவியம் நீண்ட நேரம் மறைக்காது.

அடுத்தது துரு. பின் சில்லு வளைவின் உள்விளிம்பில் விரலை ஓட்டுங்கள், பெயின்ட் பொங்கியிருந்தால் தெரியும். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் அடிப்பாகத்தில் வைத்துப் பாருங்கள். இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் அது ஒட்டாவிட்டால் உள்ளே துளையை மறைக்கப் பூசிய புட்டி இருக்கிறது. டிக்கியின் தரையை இங்கே தனியாகக் கவனியுங்கள். ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிய காரில் உப்புநீர் சொட்டிச் சொட்டி அந்தத் தகரத்தைத் தின்றிருக்கும். கீழே பிரேக் குழாய்கள் செதில் செதிலாக உரிந்திருந்தால் அவற்றை மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பதுளை, நுவரெலியாப் பக்கத்துக் கார்களில் துரு குறைவாக இருக்கலாம், ஆனால் மலையில் ஓடியதால் பிரேக் தேய்ந்திருக்கும். அதைக் குறைந்த செலவில் மாற்றலாம்.

ரேடியேட்டரைக் குளிர்ந்த நிலையில் திறந்து பாருங்கள். உள்ளே நிறமுள்ள கூலன்ட் இருக்க வேண்டும். தேநீர் நிறத்தில் தண்ணீர் இருந்தால், உவர்க் கிணற்று நீரை ஊற்றியே காலம் தள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நம் கரையோரத்தில் இது மிகச் சாதாரணம், எஞ்சினைக் கொல்வதும் இதுதான். எண்ணெய் மூடியின் உட்பக்கம் பால் நிறத்தில் பசை படிந்திருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

மீற்றரில் காட்டும் கிலோமீற்றரை நான் நம்புவதில்லை. பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகித் தேய்ந்திருந்தும் மீற்றர் 45,000 என்றால் எங்கோ பொய் இருக்கிறது. ஜப்பானிலிருந்து பாவித்து வந்த காருக்கு, அங்குள்ள ஏலத்தில் காரின் நிலையைக் குறித்த ஏலத் தாள் இருக்கும். செசி இலக்கத்தைக் கொடுத்து அதைச் சரிபார்க்கும் சேவைகள் உண்டு. அந்தத் தாளில் தரம் 4, 4.5 என்று இருந்தால் நல்லது. ஆர் எழுத்து இருந்தால் அது விபத்தில் திருத்திய கார். எஸ் என்பது துரு, சி என்பது அரிப்பு. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்த டயர்.

ஓட்டிப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள். நடுப்பகலில், ஏ.சி. போட்டு, இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். வெப்ப முள் ஏறக் கூடாது, குளிர் குறையக் கூடாது. பிறகு செங்கலடி வரை நல்ல வீதியில் எழுபது வரை ஓட்டிக் கையைச் சற்றே தளர்த்துங்கள், கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? கடைசியில் ஒரு கிரவல் ஒழுங்கைக்குள் இறக்கி, ரேடியோவை நிறுத்திக் காதால் கேளுங்கள். கியரை டி இல் போட்டதும் ஒரு நொடிக்கு மேல் தயங்கினால், அல்லது உதறினால், கியர் எண்ணெயோடு தீரும் குறை என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

பத்திரங்கள்

சி.ஆர். எனப்படும் பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கையில் வாங்கி, எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் காரோடு ஒப்பிடுங்கள். அதில் "முழு உரிமையாளர்" என்ற இடத்தில் ஒரு வங்கியின் அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் லீசிங் இன்னும் முடியவில்லை. முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது, நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையிலும் வாகன இலக்கத்தைக் கொடுத்துப் பதிவு விபரத்தைப் பாருங்கள்.

விற்பவரின் பெயர் சான்றிதழில் இல்லாமல், முன்னைய உரிமையாளர் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களைக் கொடுப்பதை "ஓபன் பேப்பர்" என்பார்கள். தரகர்கள் இதைச் சாதாரணம் என்று சொல்வார்கள். வேண்டாம். அந்தக் கையெழுத்துக்காரர் வெளிநாட்டிலோ, உயிரோடு இல்லாமலோ இருந்தால் நீங்கள் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டி வரும். உரிமை மாற்றத்துக்கான எம்.டி.ஏ. 6 படிவத்தில் இருவரும் நேரில் கையெழுத்திடுங்கள். விற்பவர், காரை விற்றுவிட்டதை அறிவிக்கும் எம்.டி.ஏ. 8 படிவத்தைத் திணைக்களத்துக்கு 14 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். உங்கள் பழைய காரை விற்கும்போது இதே கடமை உங்களுடையது. அனுப்பாவிட்டால் அந்தக் காரால் நாளை நடக்கும் விபத்துக்கும் உங்களைத் தேடித்தான் வருவார்கள். சிங்களத்தில் மட்டும் உள்ள ஒப்பந்தத்தில், வாசிக்கத் தெரிந்த ஒருவர் வரிக்கு வரி சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வருவாய் அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி மூன்றும் நடப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். புதுக் காப்புறுதி எடுக்கும்போது வெள்ளமும் புயலும் அதில் அடங்குகின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள்.

வாங்கிய முதல் மாதம்

முன்னவர் நேற்றுத்தான் மாற்றினேன் என்று சொன்னாலும் எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், பிரேக் எண்ணெய், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றி, தேதியையும் மீற்றரையும் எழுதி வையுங்கள். ஒக்டோபர் மழைக்கு முன் அடிப்பகுதியைக் கழுவிக் காயவிட்டு, துருத்தடுப்பு மெழுகைக் கதவுகளின் உட்குழிக்குள்ளும் பீய்ச்சுங்கள். பாசிக்குடாவுக்குப் போய் வந்த அன்றே நன்னீரால் அடியைக் கழுவுங்கள், மறுநாளுக்கு விடாதீர்கள்.

நாங்கள் வாங்கியது, பன்னிரண்டாவதாகப் பார்க்க வேண்டியிருந்த காரைப் பார்க்கும் முன்பே, பதினொன்றாவதாக வந்த சாம்பல் நிற அக்சியோ. கதவில் இரண்டு கீறல்கள் இருந்தன, ஆசன உறை பழையது. பாஸ் அதன் அடியில் படுத்து ஒரு லாம்பைப் பிடித்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "இதை எடுங்கள்" என்றார். அம்மம்மா முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, யார் கையையும் பிடிக்காமல் கதவைத் தானே சாத்தினார்.